இன்னொரு ஆட்டின் அசை

“ஒரு வாய்க்கு ஆடு எத்தினி மெல்லு மெல்லுது, எண்ணியிருக்கியா கொளஞ்சி?”

அமிர்தம் அண்ணிதான் கேட்டாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்தவளிடம் யாரும் எதையும் எண்ணச் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து எண்ணினேன். பழைய விஞ்ஞான நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதி, யாருக்கும் தெரியாமல் தவிட்டுப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். நன்றாக இருக்கிற ஆடு, வயிற்றிலிருந்து ஓர் உருண்டையை வாய்க்குக் கொண்டு வந்தால் அறுபது தடவையாவது மென்றுவிட்டுத்தான் விழுங்கும்.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்ததும் வரப்பெல்லாம் பச்சைப் புல். அதை மேய்ந்த ஆடுகளில் வெள்ளச்சிக்குத் தாடையில் நீர் கட்டித் தொங்கியது. கண்ணிமையை விரித்தால் உள்ளே வெளுத்திருந்தது. கல்யாணத்தின்போது மங்கலம்பேட்டையிலிருந்து அண்ணியோடு வந்த ஆடு அது. இப்போது சினை. வண்டியில் ஏற்றிச் சிதம்பரத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் புழுக்கையைக் கரைத்துப் பார்த்தார். வயிற்றில் பூச்சி இருந்து ரத்தத்தைக் குடிக்கிறது என்று சொல்லி மருந்து ஊற்றினார். பூச்சி விழுந்துவிட்டது. ஆனால் வெள்ளச்சி தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டில் மூன்று நாளாகப் பூஜ்யம்.

“வெள்ளிக்கிழம சாமிக்கண்ணுவ வரச் சொல்லிட்டேன்,” என்றான் என் அண்ணன் பூவராகன். சாமிக்கண்ணு கசாப்புக்கடைக்காரர். “செத்த பொறவு யாரு தொடுவா?”

“பூச்சி போயிடுச்சு. உள்ள தீனியப் பக்குவம் பண்றது எதுவோ, அதுவும் போயிருக்கு,” என்றாள் அண்ணி. “அத இன்னொரு ஆட்டுகிட்டதான் கேக்கணும்.”

அசை போட்டுக்கொண்டிருந்த கிடாவின் தாடையைப் பிடித்தாள். அது விழுங்குவதற்குள் விரலை விட்டுப் பச்சை உருண்டையை வழித்தெடுத்தாள். வெள்ளச்சியின் வாய்க்குள் அதைத் தள்ளி, அது தொண்டையில் இறங்கும்வரை தடவிக் கொடுத்தாள். கிடா கடித்து அவள் விரலில் ரத்தம் வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த உருண்டைக்குக் காத்திருந்தாள். அத்தனை பொறுமையை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

அன்று புதன்கிழமை. தடுப்பூசி போட ஊருக்கு வந்த அதே டாக்டர் எங்கள் கொட்டகையில் நின்று இதைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்தார். கிடாவின் அசையைப் பிழிந்து ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தார். வெள்ளச்சியின் வயிற்றுக்குள் குழாய் விட்டு இன்னொரு சொட்டு எடுத்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். கிடாவின் சொட்டில் திருவிழாக் கூட்டம். உடம்பெல்லாம் மயிர் வைத்த என்னென்னவோ உருண்டு, முட்டி, ஓடின. வெள்ளச்சியின் சொட்டில் ஒன்றே ஒன்று, வழி தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

“பூச்சியால ஆடு தீனிய நிறுத்திடுச்சு. இதுங்களும் பட்டினியில செத்துடுச்சு. இதுங்க இல்லாம புல்லு செரிக்காது,” என்றார். “ஒனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“எனக்கு என்னா சார் தெரியும்? எங்கூர்ல எல்லாரும் செய்வாங்க,” என்று அண்ணி கையைக் கழுவப் போனாள்.

வெள்ளிக்கிழமை சாமிக்கண்ணு கயிற்றோடு வந்தார்.

“காத்தால அசை போட்டுச்சுண்ணே,” என்றாள் அண்ணி.

“ஆடு மென்னுச்சா, இல்ல வெத்தலபாக்கு போட்டு நீ மென்னியா தங்கச்சி?”

அண்ணன் சிரித்தான். அண்ணியின் முகம் சுருங்கியது. நான் உள்ளே போய்ப் பானைக்குள் கையை விட்டேன். தவிடு உதிர உதிர நோட்டோடு வந்து நின்றேன்.

“செவ்வா பூஜ்யம். புதன் பூஜ்யம். நேத்து பதினொண்ணு. காத்தால முப்பத்தினாலு.”

“என்னாடி இது?” என்றான் அண்ணன். அதற்குள் வெள்ளச்சியின் கழுத்தில் ஏதோ கீழிருந்து மேலே ஏறியது. கன்னம் உப்பியது. தாடை ஒரு பக்கமாக அரைக்கத் தொடங்கியது.

நான் வாய்க்குள் எண்ணினேன். இருபது. நாற்பது. சாமிக்கண்ணுவின் உதடும் அசைவதைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டில் விழுங்கியது. சற்று நின்றது. மறுபடியும் கழுத்தில் ஓர் உருண்டை ஏறியது.

சாமிக்கண்ணு கயிற்றை முழங்கையில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு, படலைத் திறந்து நடந்தார்.