கங்காணியின் மாத்திரை

நான் டாக்டர் இல்லை. பதினெட்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர் நான், பெயர் அலோசியஸ். தோட்டத்து ஜனங்களுக்கு நான் டாக்டரய்யா. காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் எல்லாரும் ஒரே வயிற்றுவலியோடு என் வாசலில் வந்து நிற்பார்கள். யாருக்கு நிஜவலி, யாருக்குச் சும்மாவலி என்று பிரிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

1962 பங்குனியில் ஒருநாள், அந்தக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு நல்லமுத்துக் கங்காணி வந்தார். ஐம்பது வயது. எட்டாம் நம்பர் மலையில் அறுபது பெண்களை மேய்க்கும் மனுஷன். அவர் ஒரு அதட்டல் போட்டால் அடுத்த மலையில் கேட்கும். முந்தின வருடம் அதே மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தோட்டத்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். பிறகு தோட்டத்துத் துரை சொல்லி, கொழும்பில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று சொல்லி, அதைக் குறைக்க அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை மாதாமாதம் தபாலில் வந்துகொண்டிருந்தது. அதை வாங்கிக் கங்காணியின் கையில் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

கங்காணி கதவைச் சாத்தினார். கோட்டைக் கழற்றினார், சட்டையையும் கழற்றினார். இரண்டு மார்பும் வயதுக்கு வந்த பிள்ளைக்குப் போல வீங்கியிருந்தன. தொட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"தீவாளிக்கு முந்தியே லேசா இருந்திச்சுங்க. இப்பல்லாம் எல்லாரும் குளிக்கிற பீலிப் பக்கமே போறதில்ல. வீட்டுக்குள்ளயே வாளியில தண்ணி மோந்து ஊத்திக்கிறேன்." கழற்றிய சட்டையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டார். "வீட்டுக்காரிகிட்டயும் ஒதுங்கித்தான் கெடக்குறேன். ஆசையே வரமாட்டேங்குது. எவனோ செஞ்சு வச்சிட்டான்னு கோடாங்கிகிட்ட போனேன். பங்காளி செஞ்ச வேலைன்னு சொல்லி ஒரு சேவல வாங்கிக்கிட்டான்."

"அவனுக்கு அன்னைக்கு நல்ல கறிச்சோறு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதில்லங்க ஐயா. பொழச்சு வந்தா தீச்சட்டி எடுக்குறேன்னு மாரியம்மனுக்கு நேந்திருக்கேன். திருவிழாவுக்கு இன்னும் இருபது நாளுதான். வெறும் ஒடம்போட எடுக்கணும். மொத்தத் தோட்டமும் பாத்துக்கிட்டு நிக்கும். இத வச்சுக்கிட்டு நான் எப்படிங்க நடப்பேன்?"

மாத்திரைப் போத்தல் வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தேன். பொடி எழுத்து ஆங்கிலம். இரண்டு தடவை படித்த பிறகுதான் விளங்கியது.

"கங்காணி, யாரும் ஒண்ணும் செஞ்சு வைக்கல. இந்த மாத்திரதான். பொம்பளைங்க ஒடம்புல தானா ஊறுற ஹோர்மோன்னு ஒண்ணு இருக்கு. அது ஊறுற வயசுல அவங்களுக்கு இந்த மாரடைப்பு அவ்வளவா வர்றதில்ல. அதையே மாத்திரையாக்கி ஆம்பளைக்குக் குடுத்தா ரத்தத்துல கொழுப்பு கொறையுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. கொழுப்பு கொறையும். கூடவே இதுவும் வரும்."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றார். குரல் எழும்பவேயில்லை.

எனக்குக் கோபம் வந்தது. தோட்டத்தானுக்கு எதற்கு விளக்கம் என்று நினைத்த அந்தக் கொழும்பு டாக்டர்மேல் கோபம். அதைவிட என்மேல். ஒவ்வொரு மாதமும் அந்தக் காகிதம் என் கைக்கு வந்தது; ஒருநாளும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில், நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். வீக்கம் வற்ற மாதக்கணக்காகும், திருவிழாவுக்குள் போகாது, ஆனால் வலி குறையும் என்று கங்காணியிடம் சொல்லி அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். வலி கூடியிருந்தது. மாத்திரையைத் தொட்டீர்களா என்று கேட்டேன்.

"சத்தியமா இல்லங்க. போத்தல அன்னைக்கே வீட்டுக்காரி பேச்சியம்மாகிட்ட குடுத்து, பொதைக்கச் சொல்லிட்டேன்."

பேச்சியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அந்தியில் கொழுந்து நிறுவை முடிந்து, கூடையும் தலைக்கயிறுமாக அப்படியே வந்தாள். விரல்களில் கொழுந்துக் கறை. நான் கேட்டதும் அவள் ஒளிக்கவில்லை.

"தேத்தண்ணியில கலக்கிக் குடுக்குறேனுங்க."

"ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"அவரு மலையில விழுந்தப்ப தலை என் மடியிலதாங்க கெடந்துச்சு. மூஞ்சி சாம்பலாப் போயிருந்துச்சு. அந்த மூஞ்சிய நீங்க பாக்கல." கூடையை இறக்காமலே பேசினாள். "மாரு வீங்குனா வீங்கட்டும். என்கிட்ட வராட்டியும் போகட்டும். முப்பது வருசம் ஆம்பளையா இருந்தாரு, போதும். இனி உசுரோட இருந்தாப் போதுங்க."

தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டு கிளம்பியவள், வாசலில் நின்றாள்.

"அவருகிட்ட சொல்லிருவீங்களா?"

"சொல்லத்தாம்மா வேணும்."

"அப்ப இனிமே என் கையால தேத்தண்ணியும் குடிக்கமாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சொல்ல வேண்டும் என்றேனே தவிர, ஒரு வாரம் சொல்லாமல் கடத்தினேன். கோழைத்தனம்தான், வேறென்ன. திருவிழாவுக்கு முதல்நாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது. கடைசியாகப் பார்த்த இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. மார்பு வீக்கமும் ஆசைக் குறைவும் எதிர்பார்த்தவையே. இதனால் ஆயுள் கூடுமா என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது. நோயாளி விரும்பினால் நிறுத்திவிடலாம். நோயாளியின் விருப்பம் அப்போதுதான் முதல்தடவையாக எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்கிறது.

அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஏறிப் போனேன். இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். கடிதத்தைப் படித்துச் சொன்னேன். தேத்தண்ணி விஷயத்தையும் சொன்னேன். கங்காணி அடிக்கக் கை ஓங்குவார் என்று நினைத்து, நடுவில் விழத் தயாராக நின்றேன். அவர் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா குடிச்சிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார்.

நான் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் தீச்சட்டி எடுத்தார். இடுப்பில் மஞ்சள் வேட்டி, மேலே ஒன்றுமில்லை. சட்டியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, மறைக்கக் கையில்லை. முதலில் ஜனங்கள் வாயடைத்து நின்றார்கள். தொழிற்சாலைத் திருப்பத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு அது எல்லாப் பக்கமும் பரவியது. "கங்காணிக்கு ஒரு ரவுக்க தச்சுக் குடுங்கடா" என்று ஒருவன் கத்தினான். எட்டாம் நம்பர் மலையில் அவருடைய அதட்டலுக்கு நடுங்குகிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அங்கிருந்து கோயில் அரை மைல். அவர் நடையை எட்டிப் போடவுமில்லை, தலையைக் குனியவுமில்லை. பின்னால் பேச்சியம்மா வேப்பிலையோடு நடந்தாள். அவர் மூச்சு வாங்குகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டு கூடவே போனேன்.

அடுத்த நாள் காலை, வயிற்றுவலிக்காரர்கள் போன பிறகு வந்தார். உள்ளங்கையில் தீக்கொப்புளம். மருந்து போட்டுக் கட்டினேன்.

"மாத்திர தீந்துபோச்சுங்க ஐயா. கொழும்புக்கு எழுதிருங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா கங்காணி? ஆயுசு கூடும்னு அவங்களே உறுதியாச் சொல்லல."

"அவ உறுதியா நம்புறாளே." எழுந்து, கட்டுப் போட்ட கையால் கதவைத் திறந்தார். "தோட்டத்து ஆளுங்க சிரிப்பாங்கன்னுதான நிப்பாட்ட நெனச்சேன். அதான் சிரிச்சு முடிச்சிட்டாங்களே. இனி எதுக்குங்க நிப்பாட்டணும்?"