பெட்டியில் ஒரு குழி காலி

வழியனுப்பு விழாவுக்கு ஊரே திரண்டிருந்தது. ஐம்பது வருடமாகத் துருக்கியின் அனடோலியா வானத்தை அதிரவைத்த பான்டம் போர்விமானம் இன்று கடைசியாக ஒருமுறை பறந்து இறங்கிவிட்டால், நாளை முதல் விமானத்தளத்து வாசலில் கல்மேடை மேல் நிற்க வேண்டியதுதான். விமானிகள் அதைச் செல்லமாக 'பாபா' என்பார்கள், அப்பா என்று அர்த்தம். சத்தம் அதிகம், புகை அதிகம், பிள்ளைகளைக் கைவிட்டது குறைவு.

அந்த அப்பனையும் அடக்கி வைத்திருந்தவர் தலைமை மெக்கானிக் துர்சுன். தளத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'உஸ்தா', அதாவது தொழில் தெரிந்த மேஸ்திரி. பதிவேட்டில் அவர் கையெழுத்து விழாமல் பாபா ஓரடி நகராது.

பேனாவை எடுத்தவர், வழக்கம்போல் முதலில் கருவிப்பெட்டியைத் திறந்தார். நாற்பத்தேழு கருவிகள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்தில் ஒரு குழி. ஒரு குழி காலி. சின்ன ஸ்பேனரைக் காணோம்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"என்ன உஸ்தா?" துணைவிமானியோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்த மேஜர் துரூல் கேட்டார்.

"எஞ்சினைக் கிளப்பாதீங்க மேஜர். ஒண்ணு குறையுது."

கர்னல் மேடையிலிருந்து ஓடிவந்தார். "அமைச்சர் வெயில்ல காயறாருய்யா! நாளைக்குப் பொம்மையா நிக்கப்போறதுக்கு இன்னிக்கு என்ன ஸ்பேனர் கணக்கு?"

"பொம்மையாகுறது நாளைக்குத்தானே சார். இன்னிக்கு உள்ள ரெண்டு உயிர் இருக்கு."

அப்போதுதான் சார்ஜன்ட் செர்ஹாத் கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தான். "திட்டாதீங்க உஸ்தா. அது மேடையில இருக்கு. உங்களுக்குக் குடுக்கத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு வெச்சிருக்கோம். விழா நாள்லகூடப் பெட்டியைத் தொறப்பீங்கன்னு நெனைக்கல."

கர்னலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ்வளவுதானே! போடுய்யா கையெழுத்தை."

"கண்ணால பாக்கணும் சார்."

"பின்ன, இவன் பொய்யா சொல்றான்?"

துர்சுன் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே மடியில் செப்புக் குடுவையோடு பெரிஹான் உட்கார்ந்திருந்தாள். போகிறவர் தண்ணீரைப்போல் போய்த் தண்ணீரைப்போல் திரும்பட்டும் என்று பின்னாலேயே தண்ணீர் ஊற்றுவது அந்த நாட்டு வழக்கம். இன்று ஊற்ற வேண்டியவள் அவள். அவளுடைய கணவர் லெப்டினன்ட் நெஜாத் இதே போன்ற ஒரு பான்டத்தில் போய்த் திரும்பாமல் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. யாரோ உள்ளே மறந்துவிட்ட ஒரு திருப்புளி, விமானத்தைத் திருப்பும் கைப்பிடிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. அன்றைக்கும் ஒரு உதவியாளன் "எண்ணியாச்சு உஸ்தா" என்றான். துர்சுன் கையெழுத்துப் போட்டார். அவளெதிரே போய் நின்று ஒரு வார்த்தை சொல்ல இன்றுவரை அவருக்குத் துணிவு வரவில்லை.

சட்டம் வந்தது. வாதுமை மரம், நல்ல வேலைப்பாடு, அடியில் அவர் பெயர். துர்சுன் பின்பலகையை நெம்பினார். கண்ணாடி விரிசல் விட்டது. செர்ஹாத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஸ்பேனரைத் துணியால் துடைத்துக் குழியில் வைத்தபின்தான் அவர் பேனாவைத் திறந்தார்.

பாபா ஓடுதளத்துக்கு நகர, பெரிஹான் பின்னால் தண்ணீரை ஊற்றினாள். விமானம் பறந்தது, ஊரை இரண்டு முறை சுற்றியது, பத்திரமாக இறங்கியது. கூட்டம் கைதட்டியது. பாதிப் பேர் அழுதார்கள். மேடையில் துர்சுனின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவர் போகவில்லை. இனிமேல் பறக்காத விமானத்தின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காலிக் குடுவை வந்து தரையில் உட்கார்ந்தது.

"எத்தனை இருக்கு உஸ்தா?"

"நாப்பத்தேழும் இருக்கும்மா."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு நான் பெட்டியையே தொறக்கலம்மா. எண்ணியாச்சுன்னு ஒருத்தன் சொன்னான். நம்பிப் போட்டுட்டேன்."

"தெரியும். விசாரணைக் காகிதத்தை வரிவரியாப் படிச்சவ நான். உங்க வாயால கேக்கணும்னு இருந்தேன்."

அவர் தலை நிமிரவில்லை. கண்ணீர் பெட்டிக்குள் விழுந்தது. ஸ்பேனர் துருப்பிடிக்குமே என்று அவசரமாகத் துடைத்தார்.

பெரிஹான் அவரருகே தரையில் உட்கார்ந்தாள். "இன்னொருதரம் எண்ணுங்க. நானும் பாக்கறேன்."

துர்சுன் முதல் குழியில் விரலை வைத்தார்.

"ஒண்ணு," என்றார்.