புளியங்கொட்டைப் பசையின் காப்புரிமை

பெருந்துறை பேட்டரி ஆலையின் வாசலில் காவலாளிகள் கெசியாவின் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்தபோது, முதலாளி கோவிந்தராஜுலு காரில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். காப்புரிமை விண்ணப்பத்தில் ஏன் தன் பெயர் இல்லை என்று அவள் கேட்டதுதான் குற்றம்.

"மாசமானாச் சம்பளம் வாங்குனீங்கள்ல அம்மணி. அப்பறம் பேரு எதுக்குங்க?" என்று சொல்லி வேலையை விட்டே அனுப்பியிருந்தார்.

லித்தியம் பேட்டரிக்குள் செம்புத் தகட்டில் பூசும் சிலிக்கான் பொடி, சார்ஜ் ஏற ஏற ஊதி உதிர்ந்துவிடும். தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட உதவும் புளியங்கொட்டைப் பசையைப் பக்குவப்படுத்திச் சேர்த்தால் உதிராது என்று கண்டவள் கெசியா. விண்ணப்பத்திலோ கோவிந்தராஜுலுவும் அவர் மகனும் கண்டுபிடித்ததாக இருந்தது.

ஆலையில் சேருமுன் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் இதைப் பற்றி அவள் கட்டுரை படித்திருந்தாள். சிறப்பு விருந்தினராக வந்து அதைக் கேட்டுத்தான் கோவிந்தராஜுலு அவளை வேலைக்கு அழைத்தார். பசையின் அளவு, சூடு எல்லாம் கருத்தரங்க மலரில் அச்சாகியிருந்ததை அவர் மறந்துபோனார். விண்ணப்பத்துக்கு மூன்று வருடம் முந்தைய மலர் அது. ஏற்கெனவே அச்சில் வந்ததற்குக் காப்புரிமை கிடைக்காது.

வெளியே வந்த அன்றைக்கே கெசியா இதைக் காட்டிக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் இன்னும் மேலே ஏறட்டும் என்று பதினாறு மாதம் பொறுத்திருந்தாள்.

ஆலையில் பணம் போட பெங்களூர் முதலீட்டு நிறுவனம் ஒன்று கையெழுத்துப் போடப்போகிறது என்று செய்தி வந்த வாரம்தான் ஆட்சேபத்தைப் பதிவு செய்தாள். நகலை அந்த நிறுவனத்தின் மோகனப்பிரியாவுக்கு அனுப்பினாள். மோகனப்பிரியா மறுநாளே காந்திபுரத்துக்கு வந்து அவளைச் சந்தித்தாள்.

"இது செல்லுபடியானா காப்புரிமை யாருக்குமே கிடையாது. உங்களுக்கும்தான். உங்க பேரைச் சேர்க்கச் சொல்லிப் போராடியிருக்கலாமே?"

"அவரு பேருக்குப் பக்கத்துல எம்பேரு வேண்டாங்க."

முதலீடு நின்றுபோனது. இரண்டு நாளில் கோவிந்தராஜுலுவே போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க பேரையே முதல்ல போட்டுடறனுங்க. ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிப்போடுங்க. இந்த முதலீட்டை நம்பிப் புது ஷெட்டே கட்டிப்போட்டனுங்க."

"தெரியுங்க. கட்டி முடியட்டும்னுதான் இருந்தேன்."

விசாரணை வீடியோவில் நடந்தது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று கெசியா அரை மணி நேரம் முன்பே லேப்டாப் முன் உட்கார்ந்துவிட்டாள். திரையில் அவருடைய வக்கீல் மட்டும் வந்தார். சில வாரங்களில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக உத்தரவு வந்தது. அதை இரண்டு முறை படித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வந்திருக்கலாம் என்ற எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.