தாய்மாமன் பெயர் விட்டுப்போன பத்திரிகை

தென்காசி அச்சாபீஸில் புரூப் பார்க்கும் ஆவுடைநாயகத்தோடு தினமும் ஒரு குரல் பேசியதென்றால், அது கல்யாணப் பத்திரிகைகளின் தயவு. பைண்டிங் பாலம்மாள் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை வாசிப்பாள். இவர் அச்சடித்த புரூப்பில் கண்ணை ஓட்டுவார். சொல்லுக்குச் சொல் பொருத்தி, மாறினதை மட்டும் ஓரத்தில் குறிக்க வேண்டும். பிரதியில் கை வைக்கக் கூடாது. மனுஷன் ஐம்பதை நெருங்கிய ஒண்டிக்கட்டை. அறைக்குப் போனால் ஸ்டவ்தான் சத்தம் போடும். சாரல் காலத்தில் ஊரே கூட்டமாகக் குற்றாலம் போகும், இவரும் போவார். அருவிக்கடியில் யாரும் யாரோடும் பேச முடியாதே, அந்த ஆறுதல். பாலம்மாள் வாசிக்க ஆரம்பித்தால் மட்டும் முகத்தில் பெட்ரோமாக்ஸ் ஏற்றினதுபோல ஆகிவிடும். தெருவே பார்த்ததுதான்.

முதலாளி குத்தாலிங்கம் ஒருநாள் சொன்னார்: "ரெண்டு தாளப் பக்கத்துல வச்சுப் பாக்குததுக்கு எதுக்குவே ரெண்டு ஆளு? அவ பைண்டிங்கப் பாக்கட்டும்."

பாலம்மாள் மறுகோடிக்குப் போய், முதுகு காட்டி உட்கார்ந்து தாள் மடித்தாள்.

அடுத்து வந்தது ஆய்க்குடிப் பத்திரிகை. பிரதியில் 'தாய்மாமன் வல்லிநாயகம்' என்று ஒரு வரி. புரூப்பில் இல்லை. ஆவுடைநாயகத்தின் பென்சில் அங்கேயே நின்றது. ஒற்றை ஆளால் ஆகாது என்று முதலாளிக்கு உறைக்க இதைவிட என்ன வேண்டும்? அந்த முதுகை ஒருதரம் பார்த்தார். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகு வல்லிநாயகம் படியேறி வந்தார். "எம் பேரு எங்கவே? நான் உசுரோட இருக்கும்போதே எடுத்துட்டீரா? மணவடையில மால எடுத்துக் குடுக்கது யாரு, உம்ம மிஷினா?"

முதலாளி கைக்காசு போட்டு மறுபடி அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பாலம்மாள் வந்து இரண்டு தாளையும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நேரா நிக்குத வரியில்லா. எப்படி விட்டிய?"

"கண்ணு மங்குது, பாலம்மா."

முதலாளி காதில் அது விழுந்தது. "நாந்தான் தப்பு பண்ணிட்டேன். நாளையிலருந்து பழையபடி ரெண்டு பேரும் உக்காருங்க."

ஆவுடைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே.

"பெரிய எழுத்துப் பிரதிய நீரு வாசியும். பொடி எழுத்துப் புரூப்ப இனி அவ பாக்கட்டும்."

மறுநாள் மதியம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் வாசித்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நேர்வகிடு மட்டும் தெரிந்தது. ஒரு பெயரை இழுத்து வாசித்துவிட்டு நிறுத்தினார், ஏதாவது கேட்பாள் என்று. அவள் வாய் திறக்காமல், மேலே போகச் சொல்லிப் பென்சில் முனையால் மேசையைத் தட்டினாள்.