ஆலைக்குள் சொன்ன பெயர்

மங்கையற்கரசிக்குக் கிடைத்தது பைத்தியக்காரி வேஷம். படம் எடுத்தவர் காத்தான்குடி மஜீட். கல்யாண வீடுகளுக்கு வீடியோ பிடிப்பவர். தொண்ணூற்றைந்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த மாதங்களில் அவருக்குச் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிடும் ஆசை வந்துவிட்டது. கதை முழுக்கப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. வாவிக்கரையில் பாழடைந்து கிடந்த அரிசி ஆலைதான் ஆஸ்பத்திரி. பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து, ஒற்றை பல்பைத் தொங்கவிட்டால் எல்லார் முகத்திலும் பாதி இருட்டு விழும். "நமக்கு இருட்டுத்தான் செட்டு," என்பார் மஜீட்.

ஆரையம்பதியில் தையல் தைத்துக்கொண்டு, கோயில் மேடைகளில் நடித்து வந்தவள் மங்கையற்கரசி. தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் அவள் தம்பி சீனித்தம்பியைப் பிடித்து இதே ஆலைக்குள்தான் வைத்திருந்தார்கள். அப்போது ஆலையை முகாமாக்கியிருந்த ஆயுதக்காரர்கள், அப்படி ஒருவன் வரவேயில்லை என்று வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளேயிருந்து அவன் இருமியது அவளுக்குக் கேட்டது. அதன் பிறகு அவன் வீடு திரும்பவேயில்லை. இதை அவள் மஜீடிடம் சொல்லவில்லை. சொன்னால் மனம் இரங்கி வேறு இடம் தேடுவார். அவளுக்கோ ஒருதரமாவது இதற்குள் வந்துவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் கோணாமலை வெள்ளைக் கோட்டுப் போட்டு டாக்டராக நின்றார். "உனக்குப் புருஷனே கிடையாது. எல்லாம் உன் மூளைக் கோளாறு. இல்லை என்று சொல், கதவைத் திறக்கிறேன்."

கதைப்படி அவள் அழுதுகொண்டே "இல்லை" என்று சொல்ல வேண்டும். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தம்பி இரிக்கான். பேர் சீனித்தம்பி. இந்த ஆலைக்குள்ளதான் வெச்சிருந்தாங்க."

கோணாமலை திகைத்துப்போய் மஜீடைப் பார்த்தார்.

"வசனம் மறந்துட்டா, தங்கச்சி?" என்றார் மஜீட்.

"மறக்கல்ல, மஜீட் நானா. இல்லை எண்டு என்ட வாயால வராது. இந்த இடத்தில வராது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மஜீட் கமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "அப்ப அதையே இன்னொருக்காச் சொல்லுங்க. பல்புக்குக் கிட்ட வந்து சொல்லுங்க," என்றார்.

மறுநாள் ஆலை வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. முன்பு வாசலில் அவளைத் திருப்பி அனுப்பிய அதே தடித்த ஆள் இறங்கினான். செய்தி எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. மஜீடின் கையிலிருந்த கசெட்டைப் பிடுங்கிச் சப்பாத்தால் மிதித்து நொறுக்கினான்.

"இவளுக்கு விசர். இவள்ட கதையப் படம் பிடிக்கிறியா நீ?"

மங்கையற்கரசி அவன் முன்னால் போய் நின்றாள். குரல் நடுங்கவில்லை. "ஓம், படத்தில எனக்கு விசர்தான். நீங்க விசரில்லாத ஆள்தானே, சொல்லுங்க. என்ட தம்பி எங்க?"

அவன் இடுப்பில் செருகியிருந்த துவக்கைத் தொட்டான். கோணாமலை டாக்டர் கோட்டோடேயே அவள் பக்கத்தில் வந்து நின்றார். மஜீடும் வந்தார். அவன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காறித் துப்பிவிட்டு வண்டியில் ஏறினான்.

ஆலைக்குள் இனி போக முடியாது. மஜீட் தன் வீட்டுத் தறிக் கொட்டிலை ஆஸ்பத்திரி ஆக்கினார். அவருடைய தாய் ஆயிஷா உம்மா தன் சேலைகளைக் கொடுத்து வெளிச்சத்தை மறைக்கச் சொன்னார். அந்தக் காட்சியை அங்கே திரும்ப எடுத்தார்கள்.

படத்தை முதலில் ஆரையம்பதியில் ஒரு வீட்டில்தான் போட்டார்கள். சனம் முற்றம் வரை நிறைந்திருந்தது. சீனித்தம்பியின் பெயர் வந்ததும் யாரும் அசையவில்லை. முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்தாள் மீன்காரி கண்ணகை.

"காணாமப் போன என்ட மகன்ட பேரும் அதுக்குள்ள வரணும்," என்றாள் அவள். "எனக்கு நடிக்கத் தெரியாது."

"நடிக்கத் தேவல்ல மாமி," என்றாள் மங்கையற்கரசி. "பேரை மட்டும் சொல்லுங்க, அது காணும்."

மஜீட் வீட்டுக்குள் எரிந்த பல்பைக் கழற்றி, கண்ணகையின் முகத்துக்கு நேரே வாசலில் தொங்கவிட்டு, கமராவை எடுத்தார்.