பெரிலைப் பார்க்க வந்தவர்கள்

ஆர்வில் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறியதும் மகள் லார்னா ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எண்பது வயசுல இது என்னப்பா வேலை? விழுந்து வைக்கவா?" அவர் அலமாரியின் மேல் தட்டில் கைவிட்டுத் துழாவி, பழைய துண்டில் சுற்றிய மூட்டை ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். உள்ளே நீலப் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த லார்னா அவற்றைப் பார்த்ததே இல்லை.

"யாரோடதுப்பா?"

"உங்கம்மாவோடது. கழுவி வை. ஆளுங்க வருவாங்க."

பெரில் முந்தாநாள் போய்விட்டாள். கனடாவின் சஸ்காச்சவன் சமவெளியில் ஜன்னல் விளிம்புவரை பனி ஏறிக் கிடந்தது. அடக்கத்துக்குப் பொறுப்பானவர் காலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்; புதைப்பதா, எரிப்பதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆர்விலின் அப்பா அம்மா படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இவர் பேரும் பெரில் பேரும் வெட்டிய கல் எப்போதோ நட்டாகிவிட்டது. பெரிலோ ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாம்பலாவாவது என்னை எங்க ஊர் கிரிம்ஸ்பிக் கடலுக்குக் கொண்டு போயிடு ஆர்வில்" என்றாள். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர். ஊருக்கு ஒருமுறை போய்வரலாம் என்று அவள் கேட்ட ஒவ்வொரு வருஷமும் "அறுப்பு முடியட்டும்" என்று தலையாட்டியவர்தானே. அறுப்பு முடிந்தால் மாடு கன்று போடும். அது முடிந்தால் மறுபடி விதைப்பு வந்துவிடும்.

போர்க்காலத்தில் சிப்பாயாக இங்கிலாந்து போனபோது, கிரிம்ஸ்பித் துறைமுக ஊர் நடனக்கூடத்தில்தான் அவளைப் பார்த்தார். எங்களுக்குப் பெரிய நிலம் என்று சொன்னார். பொய்யில்லை. நிலம் பெரியதுதான், அதில் வேறு ஒன்றுமில்லை. ரயிலிலிருந்து இறங்கிய பெரில் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "ஊர் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் பேச்சையும், பாலை முதலில் ஊற்றி அதன்மேல் தேநீர் ஊற்றுவதையும் பார்த்து அக்கம்பக்கத்தார் அவளுக்கு 'ராணியம்மா' என்று பட்டம் கட்டினார்கள். அவளைத் தேடி ஒருத்தரும் வீடேறி வரவில்லை.

அப்போது எட்டு வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. யார் வீட்டு மணி அடித்தாலும் எல்லாரும் மெதுவாக எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா, ஊர்க் காதையும்தான். ஐந்தாவது குளிர்காலத்தில் ஒருநாள், ரயில் நிலையத்துக்காரர் இவர்கள் வீட்டு மணியை அடித்தார். பெரில் கோழிக்கொட்டகையில், ஆர்வில் மாட்டுக்கொட்டிலில். ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணை ஹில்டாதான், "எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க சொல்லிடறோம்" என்றாள். பெரிலின் அம்மா இறந்துவிட்டதாக இங்கிலாந்திலிருந்து தந்தி.

சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் அங்கே கிடையாது. கொஞ்ச நேரத்தில் மூன்று பனிவண்டிகள் முற்றத்தில் நின்றன. கேக், வேகவைத்த பன்றித் தொடை, துணி போட்டு மூடிய பாத்திரங்கள்.

பெரிலின் சிரிப்பு கொட்டில்வரை கேட்டது. ஆர்வில் உள்ளே வந்தபோது அவள் இந்த மூட்டையைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கப்பலில் உள்பாவாடைகளுக்கு நடுவே பொத்திக் கொண்டுவந்த கோப்பைகள். "பாத்தியா ஆர்வில்? எல்லாரும் என்னைப் பாக்க வந்திருக்காங்க" என்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. வந்தவர்கள் தரையைப் பார்த்து நின்றார்கள். பன்றித் தொடையைப் பார்த்ததுமே ஏதோ சாவு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஹில்டா காதோடு விஷயத்தைச் சொன்னாள்.

பெரில் கோப்பைகளை வரிசையாக அடுக்குவதைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பெரில் பாலை முதலில் ஊற்றித் தேநீர் கொடுத்தாள். துறைமுகத்தைப் பற்றிச் சொன்னாள், அம்மா வறுக்கிற மீனைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்கு யாரும் அவள் பேச்சைக் கேலி செய்யவில்லை. கடைசி வண்டியும் போன பிறகுதான் அவர் சொன்னார்.

அவள் உடனே அழவில்லை. "அவங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு கோப்பையாகக் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி மேலே வைத்தாள். அதன்பிறகு எந்த வண்டி பாதையில் திரும்பினாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: "யாரு போயிட்டாங்க?"

"அம்மா அதை விளையாட்டா கேக்குறாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள் லார்னா, அவர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும். "என் கல்யாணத்தன்னிக்குக் கூட கேட்டாங்களேப்பா." கையிலிருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எரிச்சிடச் சொல்லு" என்றார் ஆர்வில். "சாம்பலை நீயே கொண்டு போ. இந்த வாரமே போ. அறுப்புக்கெல்லாம் காத்திருக்காத."

"கல்லுல உங்க ரெண்டு பேரோட பேரும் இருக்கேப்பா."

"இருக்கட்டும். பேராவது பக்கத்துல இருக்கும்."

பாதையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. இருவரும் பழக்கத்தில் பெரிலின் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கிருந்து அந்தக் கேள்வி வரவில்லை. ஆர்வில் கோப்பைகளில் பாலை ஊற்றிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

கோலூன்றி நின்ற ஹில்டாவின் கையில் துணி போட்டு மூடிய பாத்திரம். பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

"வா ஹில்டா. அவளைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க. எல்லாரும் உள்ள வாங்க."

ஹில்டா ஒரு காலை உள்ளே வைத்தாள். மேஜைமேல் வரிசையாக இருந்த நீலக் கோப்பைகளைப் பார்த்தாள். மறு கால் வாசலிலேயே நின்றுவிட்டது. பாத்திரத்தின் ஆவி அவள் முகத்தில் அடிக்க, திறந்த கதவு வழியே குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.