இரண்டாம் ஜாடி

கடிதம் நன்றியோடுதான் ஆரம்பித்தது. "உங்கள் இலவச இணையப் புத்தகத்தைத்தான் எங்கள் வேதியியல் மாணவர்கள் மூன்று வருடமாகப் படிக்கிறார்கள்" என்று முகம் தெரியாத ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். விஷயம் இரண்டாவது பத்தியில் இருந்தது. செம்புச் சோதனை முடிந்து மிஞ்சும் நைட்ரிக் அமிலத்தை இரண்டாம் ஜாடியில் ஊற்றச் சொல்கிறது புத்தகம். அவர்கள் ஆய்வகத்தில் இரண்டாம் ஜாடி அசிட்டோன் கழிவுக்கானது. ஒரு மாணவி புத்தகம் சொன்னபடியே ஊற்றி, இறுக மூடி வைத்தாள். இரண்டும் கலந்து வாயு பொங்கி, கால் மணி நேரத்தில் ஜாடி வெடித்தது. எல்லோரும் வெளியே போயிருந்ததால் யாருக்கும் அடி இல்லை. 'தங்கள் கவனத்துக்கு' என்று முடித்திருந்தார்.

புத்தகத்தை எழுதியவள் அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தாள். பிறகு எழுந்து தன் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஐந்து ஜாடிகள் வரிசையாக நின்றன. அவற்றைக் கழுவி, சீட்டு ஒட்டி, எண் போட்டு வைக்கும் உதவியாளரைக் கல்லூரி முழுக்க ஜாடி அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"அண்ணே, இந்த நம்பரெல்லாம் எந்தக் கணக்குல போட்டீங்க?"

"கணக்கென்ன மேடம் கணக்கு. எந்த ஜாடி முதல்ல வந்துச்சோ அது ஒண்ணு. ஆசிட் ஜாடி அடுத்த நாள் வந்துச்சு, அது ரெண்டு. ஏன், யாராச்சும் மாத்தி ஊத்திட்டாங்களா?"

"இங்க இல்ல."

பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் எல்லோரும் 'ரெண்டாவதுல ஊத்து' என்றே சொல்லி வந்தார்கள். அவளும் அப்படியே எழுதிவிட்டாள். உலகத்தில் எந்த ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் தொட்டிக்குப் பக்கத்தில் அதே ஐந்து ஜாடிகள், அதே கோணல் கையெழுத்தில் எண்களோடு காத்திருக்கும் என்று அவளுக்குள் யாரோ நம்பியிருக்க வேண்டும். அறுநூறு பக்கத்தில் ஒரே ஓர் எண். மூன்று பேர் சரிபார்த்தார்கள். மூன்று பேருமே இதே தொட்டியில் கை கழுவியவர்கள்.

பக்கத்தைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 'அமிலக் கழிவு என்று எழுதியுள்ள ஜாடியில் மட்டும்' என்று மாற்றினாள். பிறகு இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"பழசை இறக்கி வச்சிருக்கறவங்க யார் யாருன்னு எடுத்துக் குடுடா."

"எப்படிக்கா எடுக்கறது? பேரு கேக்கக் கூடாது, மெயில் கேக்கக் கூடாது, யாரும் எடுக்கலாம், மாத்தலாம், அச்சடிக்கலாம்னு மேசையைத் தட்டிச் சண்டை போட்டது யாரு? நானா?"

"எத்தனை பேருன்னாவது சொல்லு."

"பதினோராயிரத்துச் சொச்சம். அவங்க எத்தனை பேருக்குக் குடுத்தாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும். நெல்லைக் கொட்டினா அள்ளலாம்க்கா."

"மீதிப் பழமொழி எனக்குத் தெரியும். வை போனை."

தெரிந்த கல்லூரிகளுக்கெல்லாம் எழுதினாள். எழுதியதோடு நிற்காமல் கூப்பிட்டாள். ஒரு துறைத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட விடுங்கம்மா, நானூறு பிரதி அச்சடிச்சுப் பிள்ளைங்க கையில குடுத்தாச்சு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"சார், ஜாடி வெடிக்கும் சார்."

"எங்க பசங்க புத்தகத்தைத் திறந்தாத்தானே வெடிக்கும்!"

இன்னொருவர், தாங்கள் அவளிடமிருந்து எடுக்கவில்லை, வேறொரு கல்லூரி எடுத்ததிலிருந்து எடுத்தோம் என்றார். அந்தக் கல்லூரியோ இன்னொன்றைக் கைகாட்டியது. புத்தகம் யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். அது அப்படியே ஆகிவிட்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ஆய்வகத்தில் உட்கார்ந்து, புத்தகத்துக்காகத் தான் கையால் வரைந்த குடுவைப் படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடினாள். கழுத்து கொஞ்சம் சாய்ந்த அந்தக் குடுவை, அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு நடுவில் போய் நின்றிருந்தது. யாரோ முழுப் புத்தகத்தையும் தங்கள் மொழியில் பெயர்த்திருந்தார்கள். அழகான, வளைவு வளைவான எழுத்து. எத்தனை மாலைகள் உட்கார்ந்திருப்பார்கள்! செம்புச் சோதனை, ஏழு படிகள். ஏழாவது படியில் அவளால் படிக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். 2.

பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.

நான்காவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். இவள் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் தன் மொழியில் ஏதோ கேட்டாள். இவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். புத்தகம், அமிலம், ஆபத்து. கடைசியில் பதற்றத்தில் தமிழிலேயே, "ஊத்த வேணாம்னு சொல்லுங்கம்மா" என்றாள். அந்தப் பெண் கனிவாக இரண்டு வார்த்தை சொன்னாள். யாரையோ கூட்டி வரப் போகிறாள் போலிருந்தது. போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள் தூரப் போயின.

ஜாடி அண்ணன் துடைத்த கையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். "யாரு மேடம் லைன்ல?"

"தெரியல அண்ணே."

அவள் போனின் ஒலிபெருக்கியைப் போட்டாள். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி கண்ணாடியோடு உரசியது. முக்காலிகள் தரையில் இழுபட்டன. இருபது, முப்பது இளங்குரல்கள் ஒரே நேரத்தில் பேசின. யாரோ ஒருத்தி ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

"நம்ம லேப் மாதிரியே இருக்கே," என்றார் ஜாடி அண்ணன்.

"ஹலோ," என்றாள் அவள். "ஹலோ! யாராவது எடுங்களேன்!"

யாரும் எடுக்கவில்லை. குழாயை யாரோ மூடினார்கள்.